கூடைக்கு அடியில் கொஞ்சம் மண்

சித்ரா பௌர்ணமி நெருங்கிவிட்டால் அடி அண்ணாமலையில் ஒருத்தரும் ஓரிடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்ன மாட்டார்கள். மலை சுற்ற வருகிற ஜனத்துக்கு மோர் விற்க, இளநீர் வெட்ட, செருப்புக் காக்க என்று ஆளுக்கொரு ஓட்டம். அந்த ஓட்டத்தில் பாஞ்சாலை வீட்டுப் பங்கு அவித்த மல்லாட்டை. வேர்க்கடலை என்று பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் போட்டிருப்பதை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்லுவோம். மார்கழியில் விதைத்துச் சித்திரையில் பிடுங்குவார்கள். பச்சைக் காயில் ஒரு பங்கை உப்புப் போட்டு அவித்து, வாயுலிங்கத்துக்குப் போகிற பாதையோரம் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவாள் பாஞ்சாலை. மீதிக் காய் களத்தில் காயும்.

அந்தக் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாஞ்சாலையின் புருசன் ராமதாசும் அவன் தம்பி சக்கரபாணியும் பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், நடுவில் சுவர் வைத்து வீட்டைப் பிரித்தார்கள், களத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு வாசலுக்கும் அது ஒன்றுதான். சக்கரபாணி கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் அங்கேயே கிடப்பான். அதனால் காலையில் கதவைத் திறந்தால் பாஞ்சாலையும், சக்கரபாணியின் பெண்டாட்டி எல்லம்மாளும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழித்துத்தான் ஆக வேண்டும். ஓர்ப்படிகள் இரண்டு பேர் ஒரே களத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு நாள் குழம்பு கைமாறும், மறுநாள் வார்த்தை கைமாறும்.

மாசி மாதம் எல்லம்மாளின் மகள் கவிநிலா, இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், வாயுலிங்கம் பக்கத்திலிருந்து பாவாடையில் இரண்டு நாய்க்குட்டிகளைப் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லம்மாள் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள விட்டாள். கவிநிலா அழவில்லை. நேராக அடுத்த வாசலுக்குப் போய்ப் பெரியம்மா மடியில் மற்றதைப் போட்டுவிட்டாள். பாஞ்சாலையின் ஒரே மகன் அன்பரசன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து அந்த மடி காலியாகத்தான் இருந்தது. செவலைப் பெட்டைக்குச் செம்பி என்று கவிநிலா பேர் வைத்தாள். பாஞ்சாலைக்கு வந்த கறுப்புக் கடுவனுக்கு ராமதாஸ், புல்லட் என்று வைத்தான்.

“கல்யாணத்துக்கு முந்தியிருந்து ஆசப்படுறேன். வண்டிதான் வரல, நாயாவது வரட்டும்” என்றான்.

புல்லட் பேருக்கேற்ற மாதிரிதான் வளர்ந்தது. களத்தில் காய்கிற காய்மேல் ஒரு காக்கை இறங்கவிடாது. ஆட்டை விரட்டும். அணிலை விரட்டும். விரட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் செம்பியை விரட்டும். ஒரு நாள், மல்லாட்டை ஆய வந்த பெண்கள் எல்லாரும் களத்து ஓரம் வேப்பமர நிழலில் கொடியை மடியில் போட்டுக் காய் கிள்ளிக்கொண்டிருந்தபோது, புல்லட் எல்லம்மாளின் கோழிக்குஞ்சு ஒன்றைக் கவ்விவிட்டது.

“யக்கா! உன் நாய கட்டிப் போடுவியா மாட்டியா?” எல்லம்மாள் துடைப்பத்தோடு வந்துவிட்டாள்.

“அது கொழந்த. வெளையாட்டுக்குப் புடிச்சிச்சு.”

“குஞ்சு செத்துப் போச்சு, உனுக்கு வெளையாட்டா? இன்னொரு தரம் என் கோழிகிட்ட வரட்டும், சோத்துல மருந்து வச்சிடுறேன் பாத்துக்க.”

“வையேன். வச்சிட்டு நீயும் அதுல ஒரு வாயி தின்னு பாரு.”

ஆய்கிற பெண்கள் சிரித்தார்கள். அதில் மூத்தவள் கன்னியம்மாள், “அடியே, மேற்கால பாருங்கடி, மேகம் கட்டுது. சண்டைய மழைக்கு அப்பால வச்சிக்குங்க, காயி ஆயுற வழியப் பாருங்க” என்றாள். கோடை மழை எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்கிற நேரம். அன்றைக்கு மேகம் கலைந்துவிட்டது. சண்டையும் கலைந்த மாதிரிதான் இருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து எல்லம்மாளே மீந்துபோன கருவாட்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்து, கல்தொட்டியில் இரண்டு குட்டிக்கும் போட்டாள். பாஞ்சாலை அதைக் கண்ணால் பார்த்தாள்.

மறுநாள் விடிந்தபோது புல்லட் எழுந்திருக்கவில்லை.

மாட்டுக் கொட்டகை ஓரம் சுருண்டு கிடந்தது. நுரை நுரையாகக் கக்கியிருந்தது. பின்பக்கம் ரத்தமும் சளியுமாகப் போயிருந்தது. அந்த நாற்றம் வேறு எதிலும் வராத நாற்றம், தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம். பாஞ்சாலை முந்தானையால் மூக்கை மூடவில்லை. குனிந்து அதன் தலையைத் தூக்கினாள். கண் உள்ளே போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் வரை காக்கை விரட்டிய குட்டி.

“இந்தா, இங்க வாயேன்! நம்ம புல்லட்டப் பாரேன்!”

ராமதாஸ் பல்குச்சியோடு வந்து பார்த்து, குச்சியைக் கீழே போட்டான். “அய்யோ, என்னா இது?”

“என்னாவா? குருணை மருந்துய்யா. சொன்னா, செஞ்சிட்டா.”

குருணை மருந்து என்பது வயலுக்குப் போடுகிற பூச்சி மருந்து. யார் வீட்டுப் பரணிலும் ஒரு பொட்டலம் இருக்கும். நாயைக் கொல்ல வேண்டுமென்றால் ஊரில் எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் வரும். மருந்து குடித்த மனுசருக்கு அங்கே என்ன செய்வார்களோ அதையே பாஞ்சாலையும் செய்தாள். சாணியைக் கரைத்து, குட்டியின் வாயைப் பிளந்து ஊற்றினாள். அது இன்னும் கக்கியது. கக்கக் கக்க விஷம் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஊற்றினாள். கடைசியில் அது கக்கவும் தெம்பில்லாமல் தலையைச் சாய்த்துவிட்டது.

அப்போதுதான் எல்லம்மாள் வாசலில் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தாள். “என்னாக்கா, காலைலயே சத்தம்?” என்றாள்.

பாஞ்சாலைக்கு அந்தக் கேள்வியே நெருப்பாகப் பட்டது. குட்டி கிடந்த இடத்து மண்ணை, ரத்தத்தில் நனைந்த மண்ணை, வலது கையால் ஒரு பிடி வாரினாள். ராமதாஸ், “ஏ வேணாம், வேணாம்” என்று கையைப் பிடிக்க வந்தான். உதறிவிட்டுக் களத்தைத் தாண்டிப் போய் எல்லம்மாள் வாசலுக்கு நேராக நின்றாள். மல்லாட்டை ஆய வந்தவர்கள் அப்போதுதான் ஒவ்வொருத்தராக வந்துகொண்டிருந்தார்கள்.

“வாயில்லா ஜீவனுக்கு மருந்து வச்சவ வூடு வெளங்குமா? என் வவுறு எரியிற மாதிரி உன் வவுறும் எரியும்டி! நாசமாப் போவ!”

ஒரு பிடி. திரும்பப் போய் வாரிக்கொண்டு வந்து இன்னொரு பிடி. இன்னும் ஒன்று. மூன்று பிடி மண்ணும் எல்லம்மாள் போட்ட கோலத்தின்மேல் விழுந்தது.

எல்லம்மாள் பதில் பேசவில்லை. பேசுகிறவள் பேசாமல் நின்றதே பாஞ்சாலைக்கு அவள் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. கவிநிலா செம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்று பெரியம்மாவையே பார்த்தாள்.

மண் தூற்றுவது அந்தத் தெருவில் சின்ன விஷயமில்லை. தூற்றிய மண்ணை வீட்டுக்காரி பெருக்கக் கூடாது. பெருக்கினால் சாபத்தைக் கையில் வாங்கிக்கொண்டது போலாகிவிடும். தூற்றியவளே ஒரு நாள் தப்பை உணர்ந்து வந்து வாரிக்கொண்டு போக வேண்டும். அதுவரை அது அங்கேயே கிடக்கும். சில வாசல்களில் வருசக் கணக்கில் கிடந்து காற்றோடு போனதும் உண்டு.

“செங்கம் ரோட்டுல நாய் ஆஸ்பத்திரி இருக்குதில்ல, அங்க தூக்கினு போறேன்” என்றாள் பாஞ்சாலை. “டாக்டரம்மா வாயாலயே மருந்துதான்னு சொல்ல வைக்கிறேன். அப்புறம் ஊரைக் கூட்டுறேன்.”

“காயெல்லாம் காயுது, வானம் வேற...” என்று இழுத்தான் ராமதாஸ். மல்லாட்டை பிடுங்கக் கொல்லையில் ஆள் இறங்கியாகிவிட்டது. அவன் அங்கே போயே ஆக வேண்டும்.

“காயி கெடக்கட்டும்யா!” என்று கத்திவிட்டு, சாக்கில் குட்டியைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். ஓட்டுகிற சுப்பிரமணி நாற்றம் தாங்காமல் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினான்.

ரமணாசிரமம் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. வெள்ளைக்காரம்மா ஒருத்தி வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே சிமெண்டுத் தரை. மூன்று கால் நாய், ஒற்றைக் கண் நாய் என்று வாசலிலேயே பத்துப் பன்னிரண்டு படுத்துக் கிடக்கும். டாக்டர் கீர்த்தனா சின்னப் பெண், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரி.

“டாக்டரம்மா, மருந்து வச்சிட்டாங்க. வச்சது யாருன்னும் தெரியும். நீங்க பாத்து ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். நான் ஊரைக் கூட்டிடுறேன்.”

“மொதல்ல குட்டிய மேசை மேல வைங்கம்மா. ஊரை அப்புறமா கூட்டலாம்.” கீர்த்தனா ஈறை விரலால் அழுத்திப் பார்த்தாள். தோலை இழுத்துவிட்டுப் பார்த்தாள். அது இழுத்த இடத்திலேயே நின்றது. “தடுப்பூசி போட்டீங்களா?”

“தெரு நாய்க்கு யாரும்மா ஊசி போடுறது?”

“வாயில என்ன இது பச்சையா?”

“சாணித் தண்ணிங்க. வெஷத்த எறக்க.”

கீர்த்தனா ஒரு நிமிசம் கண்ணை மூடித் திறந்தாள். திட்டவில்லை. “உடம்புல தண்ணியே இல்லம்மா. இருந்ததையும் கக்க வச்சிட்டீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினாள். பிறகு பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைக் கிழித்தாள். உள்ளே தீப்பெட்டி நீளத்தில் ஒரு வெள்ளை அட்டை, பஞ்சு சுற்றிய குச்சி, கட்டைவிரல் அளவில் ஒரு குப்பி. “இது நம்ம பக்கம் சுலபமாக் கெடைக்காது. அந்த வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போறப்பெல்லாம் பெட்டில வாங்கியாறாங்க.”

குச்சியை நாயின் பின்பக்கத்தில் விட்டு எடுத்து, குப்பித் தண்ணீரில் கலக்கி, அட்டைக் குழியில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

“இதுல என்னாங்க தெரியும்?”

“‘பார்வோ’ன்னு ஒரு நோவு. குட்டிங்களுக்குத்தான் ஜாஸ்தி வரும். மேல ஒரு கோடு எப்பவும் வுழும், அட்டை சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நோவு இருந்தா கீழ ரெண்டாவது கோடு வுழும்.”

“மருந்து வச்சிருந்தா?”

“ஒரே கோடுதான். அப்ப நான் வேற மாதிரி பாக்கணும். கொஞ்ச நேரம் ஆவும், உக்காருங்க.”

பாஞ்சாலை உட்காரவில்லை. மேசைக்கும் கதவுக்கும் நடந்தாள். கதவில் நின்றால் மலை தெரிந்தது, மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. களத்தில் காய் கிடக்கிறதே என்று ஒரு மனசு, எல்லம்மாள் இன்னேரம் என்ன செய்துகொண்டிருப்பாளோ என்று ஒரு மனசு. திரும்ப மேசைக்கு வந்து அட்டையைப் பார்த்தாள். மேல் கோடு சிவப்பாக விழுந்திருந்தது. கீழே வெள்ளையாக இருந்தது.

ஒரே கோடாக நிக்கட்டும், அண்ணாமலையாரே. ஒண்ணே ஒண்ணு.

கும்பிட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது, தான் எதைக் கேட்கிறோம் என்று. குட்டிக்கு விஷம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறாள். குட்டி பிழைக்க வேண்டும் என்று கேட்க மறந்துபோய், தான் தூற்றியது சரியாக இருக்க வேண்டும் என்று கேட்கிறாள்.  கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

இறக்கும்போதே கீழே லேசாக ஒரு ரோஸ் நிறம். கண்ணின் மயக்கமோ என்று நினைக்கிற மாதிரி. பிறகு மயக்கமில்லை என்கிற மாதிரி.

“மருந்து இல்லம்மா. நோவு” என்றாள் கீர்த்தனா.

“நல்லாப் பாருங்க.”

“நீங்களே பாருங்க. ரெண்டு கோடு.”

“நேத்து கருவாட்டுச் சோறு போட்டாளே? அதுல...?”

“இந்த நோவ யாரும் சோத்துல வைக்க முடியாதும்மா. நாலஞ்சு நாளைக்கு முந்தியே உள்ள பூந்திருக்கும். மண்ணுல இருந்து வரும். நோவு கண்ட நாயோட பீ, வாந்தி பட்ட மண்ணு இருக்குதே, அதுதான் இதுக்கு வூடு. வெயில்ல காஞ்சாலும் சாவாது, மாசக் கணக்கா கெடக்கும். செருப்புல ஒட்டும், கையில ஒட்டும், வூடு வூடா போவும். உங்க வூட்டாண்ட வேற குட்டி இருக்குதா?”

பாஞ்சாலை தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது.

“மண்ணுலயாங்க?” என்றாள். “சாணி தெளிச்சா போயிடுங்களா?”

“சாணிக்கும் போவாது, மஞ்சளுக்கும் போவாது. அந்த எடத்து மண்ண வெட்டிப் பள்ளத்துல போட்டு மூடிட்டு, ப்ளீச்சிங் பவுடர கரைச்சு ஊத்தணும். மழ வர்றதுக்கு முன்ன செய்ங்க. தண்ணி ஓடுச்சின்னா களம் பூரா பரவிடும்.”

“இவன் பொழப்பானா?”

“விட்டுட்டுப் போங்க. தண்ணி ஏத்துறேன். பாதிக்குப் பாதிதாம்மா சொல்ல முடியும்.”

கீர்த்தனா அவள் கையை ப்ளீச்சிங் தண்ணீரில் கழுவ வைத்து, ஒரு பொட்டலம் பவுடரும் கொடுத்து அனுப்பினாள். ஆட்டோ செங்கம் ரோட்டிலிருந்து மலை சுற்றும் பாதைக்குத் திரும்புவதற்குள் முதல் சொட்டு விழுந்துவிட்டது. புழுதி வாசனை கிளம்பியது. மற்ற நாளாக இருந்தால் அவள் அந்த வாசனையை மூச்சு நிறைய இழுப்பாள்.

“சீக்கிரம் போப்பா!”

“போறேன்க்கா. காயி நனையுதேன்னு பாக்குறியா?”

“மண்ணு நனையுதேன்னு பாக்குறேன்.”

சுப்பிரமணி கண்ணாடியில் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

ஆட்டோ நிற்பதற்குள் குதித்து ஓடினாள். மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. களத்தில் காய் இல்லை. இருந்தது, ஆனால் குவித்துக் கூட்டி, நீலத் தார்ப்பாய் போட்டு, நான்கு பக்கமும் கல் வைத்து மூடியிருந்தது. தார்ப்பாய் எல்லம்மாள் வீட்டுடையது. எல்லம்மாளின் காயும் பாஞ்சாலையின் காயும் ஒரே குவியலாக அதற்கடியில் கிடந்தன. கன்னியம்மாளும் மற்றப் பெண்களும் கொட்டகையில் ஒண்டி நின்றார்கள்.

எல்லம்மாள் தன் வாசலில் தொப்பலாக நனைந்து நின்றாள். அவள் காலடியில், கோலம் இருந்த இடத்தில், ஒரு பெரிய மூங்கில் கூடை கவிழ்த்து வைத்திருந்தது. கூடைமேல் பழைய தார்ப்பாய்த் துண்டு, அதன்மேல் அம்மிக் குழவி. சுற்றிலும் களிமண்ணை அணைத்து வரப்பு கட்டியிருந்தாள்.

பாஞ்சாலை தார்ப்பாயைக் காட்டினாள். “காய நீயா மூடுன?” என்றாள்.

“காயி மேல எனுக்கு என்னா கோவம்?”

“இது என்னாடி கூட?”

“நீ தூத்துன மண்ணு. மழைல கரைஞ்சு போயிட்டா அப்புறம் எத வாருவ? பத்திரமா வச்சிருக்கேன், நீயே வந்து வாரணும்னு.” எல்லம்மாள் முகத்து மழைத் தண்ணீரைப் புறங்கையால் வழித்தாள். “நீ ஆட்டோ ஏறுனதுமே கவுத்துட்டேன்.”

“செம்பி? செம்பி இதுல வாய் வச்சிச்சா?”

“என் நாய் பேர நீ சொல்லாத.”

“இல்ல பெரிம்மா” என்று உள்ளேயிருந்து கவிநிலாவின் குரல் வந்தது. “அப்பவே கட்டில் கால்ல கட்டிப் போட்டுடுச்சு அம்மா.”

பாஞ்சாலை பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் எல்லம்மாள் இரண்டடி பின்னால் போனாள்.

“என்னாடி அது? மந்திரிச்சு வாங்கியாந்தியா? மண்ணு பத்தாதுன்னு பொடியா? அய்யய்யோ கன்னிம்மாக்கா, இங்க வந்து பாரேன், இவ என்னாவோ செய்வின கொண்டாந்திருக்கா!”

“செய்வின இல்லடி, கெணத்துக்குப் போடுற பவுடரு! மோந்து பாரு!”

“நான் ஏன் மோந்து பாக்குறேன்? நீயே மோந்துக்க!”

மழையில் நின்றபடியே பாஞ்சாலை எல்லாவற்றையும் சொன்னாள். அட்டையைச் சொன்னாள், இரண்டு கோட்டைச் சொன்னாள். மருந்து இல்லை, நோவு என்று சொன்னாள். அந்த நோவு மண்ணில் இருக்கும், தான் தூற்றிய மண்ணிலேயே இருக்கிறது என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எல்லம்மாள் கேட்டுக்கொண்டே கூடையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடியும் கூடையைப் பார்த்தாள்.

“அப்ப, நான் வைக்காத வெஷத்த நீ என் வாசல்ல வச்சிட்டு வந்திருக்க” என்றாள் மெதுவாக.

பாஞ்சாலை தலையை ஆட்டினாள்.

“எங்கிட்ட ஏன் மெதுவா சொல்ற? காலைல எப்பிடிச் சொன்ன? ஊரே கேக்கத்தான கத்துன? அதே வாயால கத்து.”

கொட்டகையில் நின்ற பெண்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். பாஞ்சாலை களத்து நடுவில் போய் நின்றாள். மழைச் சத்தத்தில் முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“எல்லம்மா வைக்கல! என் நாய்க்கு நோவு! அவமேல பழியப் போட்டவ நான்! என் வாயி அழுவிப் போவட்டும், அவ வூடு நல்லா இருக்கட்டும்!”

“கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றாள் கன்னியம்மாள். “உள்ள வா, இடி வுழுது.”

பாஞ்சாலை போகவில்லை. மண்வெட்டி கொண்டு வந்தாள். கூடையை எடுத்து, கீழே ஈரம் படாமல் இருந்த அந்த மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கோலத்தோடு சேர்த்து வெட்டி எடுத்தாள். புல்லட் கிடந்த இடத்தையும் அப்படியே வெட்டினாள். இரண்டையும் கொல்லை மூலையில் குழி தோண்டிப் போட்டு, பவுடர் கொட்டி மூடினாள். கல்தொட்டியைக் கவிழ்த்துக் கரைசல் ஊற்றித் தேய்த்தாள். எல்லம்மாள் உதவிக்கு வரவில்லை. தடுக்கவும் இல்லை. அவள் வாசலில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும் நின்றது.

அதற்குப் பிறகுதான் காத்திருப்பு. செம்பியை இப்போதே அட்டையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, குட்டிக்கு ஏதாவது கண்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று கீர்த்தனா சொல்லியிருந்தாள். இரண்டு குட்டியும் ஒரே தொட்டியில் தின்று, ஒன்றின்மேல் ஒன்று புரண்டவை. கூடை தடுத்திருக்கலாம், கூடைக்கு முன்னாலேயே நோவு ஒட்டியிருக்கலாம். பாஞ்சாலை காலையில் எழுந்ததும் தன் வீட்டு வேலையைப் பார்ப்பதில்லை. சுவரோரம் நின்று செம்பி குரைக்கிறதா என்று காது கொடுப்பாள். குரைத்தால்தான் அடுப்பு மூட்டுவாள். எல்லம்மாள் பேசுவதில்லை. கவிநிலாவைக் களத்தில் இறங்கவிடுவதில்லை.

பௌர்ணமி வந்தது. மத்தியானத்திலிருந்தே ஜனம் பாதையில் ஆறாக ஓடியது. பாஞ்சாலை அவித்த காயை அலுமினிய அண்டாவோடு பாதையோரம் வைத்து உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் எல்லம்மாள் மோர்ப் பானையோடு. வெயில் தாழ்கிற நேரத்தில் சுப்பிரமணி கூட்டத்தில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தான்.

“யக்கா, ஆஸ்பத்திரில சொல்லச் சொன்னாங்க. புல்லட் போயிட்டான்.”

பாஞ்சாலை, “சரிப்பா” என்றாள். கையில் படி இருந்தது. படியில் காய் இருந்தது. எதிரில் நின்ற ஆள், “என்னம்மா, தலை தட்டி அளக்குற? குமிச்சு அள” என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குக் குமிப்பதா கொட்டுவதா என்று புரியவில்லை. பாதையில் நான்கைந்து தெருநாய்கள், யாரோ சாமியார் பின்னால், தாங்களும் மலை சுற்றுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன.

“இந்தாம்மா, ஒன்னத்தான்!” என்றான் அந்த ஆள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து எல்லம்மாள் எழுந்து நின்று கத்தினாள். “எடுத்தா எடு, இல்லாட்டி நடையக் கட்டு! சாமி கும்பிட வந்தியா, அந்தம்மா பிராணன வாங்க வந்தியா?”

அந்தம்மா என்றுதான் சொன்னாள். யக்கா என்று சொல்லவில்லை. ஆனாலும் பாஞ்சாலைக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் குமித்து அளந்தாள்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை எல்லம்மாள் பாஞ்சாலையின் கதவைத் தட்டினாள். தலை முடியவில்லை, ஒரு கையில் கவிநிலா, இன்னொரு கையில் துணிமூட்டை மாதிரி செம்பி.

“யக்கா, சோத்த மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு. ரெண்டு தரம் கக்கிடுச்சு. நீ வா. எனுக்குக் கை காலு ஓடல.”

பாஞ்சாலை அடுப்பில் இருந்த உலையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்தாள். மூன்று பேரும் ஆட்டோ ஏறினார்கள். பாதை முழுக்க எச்சில் இலையும் தண்ணீர்ப் பொட்டலமும் கிடந்தன. கவிநிலா செம்பியின் காதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

கீர்த்தனா அதே மாதிரி பொட்டலத்தைக் கிழித்தாள், அதே மாதிரி சொட்டு விட்டாள். எல்லம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள்.

“நான் பாக்க மாட்டேன். நீ பாரு. நீதான அந்தக் கோட்டக் கண்டவ.”

பாஞ்சாலை மேசையை விட்டு நகரவில்லை. மேல் கோடு விழுந்தது. கீழே வெள்ளை. அவள் கண் இமைக்கவில்லை. அன்றைக்கும் இதே இடத்தில் நின்று இதே ஒற்றைக் கோட்டைத்தான் கேட்டாள். கேட்கிற வார்த்தையில் மாற்றமே இல்லை. ஆனால் இன்றைக்கு அதைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு, கவிநிலாவின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, சும்மா நின்றாள்.

“என்னாக்கா?” சுவர்ப்பக்கமிருந்து குரல்.

“இன்னும் வெள்ளதான்.”

“இப்ப?”

“இரு.”

“இப்ப?”

“அட இருடி. அது என்னா தோசையா, உடனே வேவுறதுக்கு?”

கீர்த்தனா குனிந்து, அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். “ஒரே கோடு” என்றாள். “வயித்துப்போக்கும் இல்ல, ஜுரமும் இல்ல. ஆனாலும் ரெண்டு மூணு நாள் கண்ணு வச்சிக்குங்க. நல்லா இருந்தா தடுப்பூசி போட்டுடலாம். நேத்து என்ன தின்னுச்சு?”

எல்லம்மாள் முந்தானையை விலக்கினாள். கவிநிலா தரையைப் பார்த்தாள்.

“அன்னதானத்துப் புளிசோறு” என்றாள் கவிநிலா. “அவுத்துக்கினு ஓடிடுச்சு. நெறைய எலை நக்குச்சு. அப்பறம் ஒரு லட்டும்.”

“அடிப்பாவி, எங்கிட்ட சொல்லவேயில்லையேடி!” எல்லம்மாள் அடிக்கக் கையை ஓங்கி, அடிக்காமல் அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திரும்பும்போது எல்லம்மாள் ஆட்டோவின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, “மருந்து வைக்கிறவ பக்கத்துல ஒக்காந்துனு வரியே, பயமா இல்லியா உனுக்கு?” என்றாள்.  சுப்பிரமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பாஞ்சாலை உள்ளே போகவில்லை. ப்ளீச்சிங்கில் கழுவி வெயிலில் காயவைத்திருந்த அந்த மூங்கில் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். குழி மூடின மூலைக்குத் தள்ளி, மல்லாட்டை பிடுங்கின நிலம் பொலபொலவென்று இருந்தது. நல்ல மண்ணாகப் பார்த்து வெட்டி, கல்லும் வேரும் பொறுக்கிப் போட்டுவிட்டு, கூடை நிறைய அள்ளி இடுப்பில் சுமந்து வந்தாள். எல்லம்மாள் வாசலில் இருந்த பள்ளத்துக்கு எதிரில் வந்து நின்றவளுக்கு, அதைக் கொட்டக் கை வரவில்லை. அந்த வாசலில் அவள் மண்ணோடு நிற்பது இது இரண்டாம் தடவை.

எல்லம்மாள் துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

“என்னாத்துக்கு நிக்கிற? போடேன்.”

“கூடையோட கவுக்கட்டுமா?”

“மொதல்ல கையால போடு. அன்னிக்கு எத்தினி புடி தூத்துனியோ அத்தினி புடி. மீதிய அப்பறம் கவுத்துக்க.”

பாஞ்சாலை குனிந்து, ஒரு பிடி போட்டாள். இன்னொரு பிடி. மூன்றாவது பிடியைப் போடும்போது கவிநிலா ஓடி வந்து பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டாள். மண் அவள் பாதத்தின்மேல் விழுந்தது.  பாஞ்சாலை மீதி மண்ணைக் கவிழ்த்ததும் எல்லம்மாளும் காலை வைத்து, மகளோடு சேர்ந்து, மேடு பள்ளம் தெரியாமல் மிதித்தாள்.

“கோலம் நான் போட்டுக்குறேன்” என்றாள் மிதித்துக்கொண்டே. “நீ போயி காயப் பொரட்டி வுடு, யக்கா. வெயிலு ஏறுது. காக்கா விரட்டவும் ஆளில்ல.”